சுடலைக்கு வந்த நல்ல காலம்

அந்த நாளில் எங்கட சுடலைக்கு வழியென்று ஒன்றும் கிடையாது. வடலிக்கும் நாகதாளிக்கும் நடுவே மணல்தான். பாடை தூக்குகிறவர்கள் கால் புதையப் புதையப் போவார்கள். முன்னுக்குப் பறை. சலவைத் தொழில் செய்யும் கட்டாடியார் நிலபாவாடையை விரிப்பதும் சுருட்டுவதுமாக ஓடுவார். தலைக்கு மேல் ஒரு கொட்டில்கூட இல்லை. மாரியில் செத்தவர்களின் பிள்ளைகள் நனைந்த விறகோடு மல்லுக்கட்டினார்கள். ஆனால் புங்குடுதீவு நிறையச் சனம் இருந்தது.

1991 ஒக்ரோபரில் யுத்தத்தால் ஊரே கிளம்பியது. பிறகு கிடந்த வெறுமையைத்தான் எங்கட கவிஞர் சு. வில்வரத்தினம் 'காற்றுவெளிக் கிராமம்' என்று பாடி வைத்தார். போனவர்களில் பலர் கனடா, சுவிஸ், பிரான்ஸ் என்று தங்கிவிட்டார்கள்.

இப்போது போய்ப் பாருங்கள். சுடலை வாசல்வரை கொங்கிறீற் பாதை. சுற்றுமதில், இரும்புப் படலை, கூரை போட்ட எரிமேடை, மண்டபம், தண்ணீர்த் தாங்கி, சூரிய விளக்கு. மண்டபச் சுவரில் கருங்கல் பலகை: இன்னாரின் ஞாபகார்த்தமாக, பிள்ளைகள், ரொறன்ரோ. உபயகாரரின் பெயர் செத்தவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில். வழி நெடுக, கூரை விழுந்து குசினிக்குள் ஆல் முளைத்த வீடுகள். உபயகாரர்கள் பிறந்து தவழ்ந்த வீடுகள்தான் அவை. மிஞ்சிய கிழடுகள் சாட்டியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பவுசரைப் பார்த்து வாளியோடு நிற்கிறார்கள்.

"உயிரோட இருக்கேக்க வாளி, செத்தாத் தாங்கியோ தம்பி?" என்றார் ஒரு மாமி. பதில் சொல்லாமல் வாளியைத் தூக்கிக் கொடுத்தேன்.

அமெரிக்காவில் சவன்னா விமான நிலையத்தின் ஓடுபாதையில் டொட்சன் என்ற கிழவன் கிழவியின் கல்லறைகள் இருக்கின்றன. 1877இலும் 1884இலும் செத்தவர்கள். எலும்பைக் கிளப்ப உறவினர் சம்மதிக்காததால், கல்லைத் தரையோடு பதித்துவிட்டுப் பாதையைப் போட்டார்கள். இன்றும் விமானம் அவர்களுக்கு மேலால்தான் ஓடுகிறது. உலகம் இதைப் புதினமாகச் சொல்கிறது. அங்கே அபிவிருத்தியின் வழியில் செத்தவர் குறுக்கிட்டார்கள். எங்கட ஊரில் அபிவிருத்தி செத்தவரைத் தேடித்தான் வந்தது. உயிரோடு இருக்கிறவர்கள் வழியில் கிடக்கிறார்கள்.

இத்தனைக்கும் ஒன்று மட்டும் மாறவில்லை: சாதி. 1971இல், கண்ணகை அம்மன் கோயில் நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சனமும் அள்ளலாம் என்று போராடிப் பொலிஸ் அடி வாங்கியவர் இதே ஊர் எழுத்தாளர் மு. தளையசிங்கம். 1973இல், நாற்பது வயதைக் காணாமலே போய்விட்டார். கிணற்றுக்கு நடந்த சண்டை சுடலைக்கு நடக்கவில்லை. இந்தச் சாதிக்கு இந்தச் சுடலை என்ற கணக்கு யாழ்ப்பாணம் முழுக்கப் பழையது. முன்பு அதற்கு வேலிகூட இல்லை, வாய்ப்பேச்சுத்தான். இப்போது டொலரில் மதில் எழுந்து கணக்கு நிரந்தரமாகிவிட்டது. புத்தூரில் கலைமதிக் கிராமத்துச் சனம் 2017இல், குடிமனைக்குள் கிடக்கும் சுடலையை அகற்று என்று தெருவில் இருந்தது. அங்கேயும் பிரச்சினையைக் கிளப்பியது மதில்தான்.

ஆகவே, ஸ்காபரோவில் அடுத்த சுடலைக்குக் காசு சேர்க்கிற அண்ணைமாரே, ரசீதுக் கொப்பி அடிக்க முன்னம் ஊரில் சுடலையைப் பார்க்கிறவர்களிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கோ: இந்த மேடையில் ஊரில் சாகிற எவரையும் எரிக்கலாம். எழுதித் தர மாட்டோம் என்றால், அந்தக் காசில் மாமிக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி கட்டுங்கோ.