கூட்டினால் சரிதானே!

எங்கள் வீட்டில் என் பேச்சை எடுத்த எடுப்பில் நம்புகிற ஜீவன் எதுவும் கிடையாது. பழைய எச்பி 48எஸ்எக்ஸ் கால்குலேட்டர் ஒன்றை வாங்கி வந்தேன். 1990-இல் வெளிவந்த மாடல். அதுவும் என் மனைவி கட்சியில் சேர்ந்துவிட்டது.

கணினியிலிருந்து கேபிள் வழியாக புரோகிராம் அனுப்பினால் 'கெர்மிட்' முறையில் வாங்கிக்கொள்ளும். 1981-இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிறந்த முறை. பெயர் மட்டும் ஒரு தொலைக்காட்சித் தவளைப் பொம்மையுடையது. கோப்பைத் துண்டுதுண்டாக அனுப்பும். ஒவ்வொரு துண்டின் வாலிலும் ஒரு செக்சம், அதாவது சரிபார்ப்பு எண். கால்குலேட்டர் தானும் கணக்குப் போட்டுப் பார்த்து, ஒத்துவராவிட்டால் மறுபடி அனுப்பச் சொல்லும். முகம் சுளிக்காது. இந்த ஒரு விஷயத்தில் அது கட்சி மாறியது.

செக்சத்திலும் ரகம் உண்டு. வெறுமனே எண்களைக் கூட்டுவது ஏமாளி ரகம். ஒரு கிலோ உளுந்து, இரண்டு கிலோ துவரம்பருப்பு என்றால் நான் மாற்றி வாங்கி வந்து, "மொத்தம் மூணு கிலோ சரியா இருக்கே" என்று வாதாடலாம். கூட்டல் ஒத்துக்கொள்ளும். 'சிஆர்சி' என்கிற ரகம் ஒத்துக்கொள்ளாது, எது எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் அதன் கணக்கில் சேரும். என் மனைவி சிஆர்சி.

கெர்மிட்டும் முழு உத்தரவாதம் இல்லை. அனுப்பியது அப்படியே வந்ததா என்றுதான் அது பார்க்கும். அனுப்பியதே பழுதென்றால் பழுது பத்திரமாக வந்து சேரும். அந்தக் காலத்து மின்னஞ்சல் வெறும் எழுத்துகளைத்தான் நம்பிக்கையாகச் சுமக்கும் என்பதால், புரோகிராமைப் பதினாறு குறிகளாலான எழுத்துக்கோவையாக மாற்றி அனுப்புவார்கள். அதன் கடைசியில் தனியாக ஒரு 16-பிட் சிஆர்சி. கால்குலேட்டரில் மறுபடி புரோகிராமாக்கும்போது அதைச் சரிபார்ப்பார்கள். தற்செயலான குப்பை அதைத் தாண்டிவர 65,536-இல் ஒரு வாய்ப்பு. நான் சொல்லும் சாக்குக்கு அவ்வளவு வாய்ப்புகூட இல்லை.

இத்தனை கெடுபிடி வீண் அல்ல. இயந்திர மொழிப் புரோகிராமில் ஓர் எழுத்து பிசகினாலும் மொத்த நினைவகமும் குழம்பிப்போகலாம். அப்போது திரையில் கேள்வி வரும்: நினைவகத்தை மீட்டுப் பார்க்கட்டுமா? ஆம், வேண்டாம் என்று இரண்டு பொத்தான்.

"நேத்து என்ன வாங்கிட்டு வரச் சொன்னேன், ஞாபகம் இருக்கா?" என்று எனக்கும் கேள்வி வரும். 'வேண்டாம்' பொத்தான்தான் வராது.