கேள்வி உங்களுடையது: மூச்சுக்குழாயில் ஒரு குசும்பன்

கே: நுரையீரல் கட்டி ஹார்மோன் சுரக்குமாமே?

ப: கார்சினாய்ட் என்று பெயர். பல கட்டிகள் சும்மா கிடக்கும், சில செரடோனின் சுரக்கும், சில ஏ.சி.டி.எச். மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது!

கே: மச்சினர் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. அவருக்கு ஏன்?

ப: வழக்கமான கார்சினாய்டுக்குப் புகை பெரிய காரணமில்லை. "எத்தனை பாக்கெட்?" என்ற விசாரணையை உறவினர்கள் இன்றே நிறுத்தவும்.

கே: பையனுக்கு வருஷக்கணக்கில் வீசிங். இன்ஹேலருக்கு அடங்கவில்லை.

ப: விசில் ஒரு பக்கம் மட்டுமா? ஆஸ்துமா பாரபட்சம் பார்க்காது, இரண்டு பக்கமும் ஊதும். ஒரே இடத்தில் அடிக்கடி நிமோனியா, இருமலில் ரத்தம் என்றால் குழாய்க்குள் யாரோ குடியிருக்கலாம். பிராங்கோஸ்கோப்பி செய்து எட்டிப் பாருங்கள்.

கே: முகம் உப்பி, வயிற்றில் ஊதாக் கோடு, சர்க்கரை வேறு. டாக்டர் நெஞ்சை ஏன் ஸ்கேன் செய்யச் சொல்கிறார்?

ப: கெட்டிக்கார டாக்டர். இதெல்லாம் மிதமிஞ்சிய கார்ட்டிசாலின் கூத்து. அதைக் கொட்டுவது அட்ரீனல் சுரப்பி. அட்ரீனலை ஏ.சி.டி.எச். அனுப்பி விரட்டுவது பெரும்பாலும் பிட்யூட்டரி. அபூர்வமாக, நுரையீரலில் ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறாத கட்டி. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

கே: சின்னத் துளை போட்டே எடுத்துவிடலாமா?

ப: துளைதான் சின்னது, வேலை பெரிது. கட்டியுள்ள பக்க நுரையீரலுக்குக் காற்றை நிறுத்திச் சுருங்க வைப்பார்கள். மற்றது உங்களுக்காக மூச்சுவிடும். விலா எலும்பை அகட்டாமல், இடுக்கில் கேமராவும் கருவிகளும் நுழையும். வெட்டிய நுரையீரல் மடலைப் பைக்குள் போட்டு இழுப்பார்கள். நிணநீர்க் கணுக்களையும் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அதை விட்டுவிட்டுத் தழும்பை மட்டும் அழகாகப் போடுவது ஆபரேஷன் அல்ல, எம்பிராய்டரி.

கே: ரோபோ ஆபரேஷன் என்றால் ரோபோவே வெட்டுமா?

ப: சர்ஜன் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கையசைப்பார்; அது அப்படியே செய்யும். திட்டு மட்டும் சர்ஜனுக்கே.

கே: பெரிய குழாயிலேயே கட்டி. முழு நுரையீரலும் போகுமா?

ப: அவசியமில்லை. 1947-இல் இங்கிலாந்தில் சர்ஜன் கிளெமென்ட் பிரைஸ் தாமஸ், ஒரு விமானப்படைப் பயிற்சி வீரருக்குக் கட்டி இருந்த குழாய்த் துண்டை மட்டும் நறுக்கி, முனைகளைச் சேர்த்துத் தைத்தார். நுரையீரல் தப்பியது. 1951-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு, புற்றுநோய் என்பதால், இடது நுரையீரலை முழுதாக எடுத்தவரும் அவரே. மன்னருக்குக் கிடைக்காத சலுகை சிப்பாய்க்கு!

கே: கட்டி போனதும் மாத்திரைக்கு விடுதலைதானே?

ப: ஏ.சி.டி.எச். கட்டியென்றால் பொறுங்கள். அது ஆட்டம் போட்ட காலமெல்லாம் பிட்யூட்டரி தூங்கிவிட்டது. விழிக்க மாதங்கள் ஆகலாம். அதுவரை கார்ட்டிசாலுக்குப் பதிலாக ஸ்டீராய்டு மாத்திரை. "ஐயோ, ஸ்டீராய்டா!" என்று நீங்களாக நிறுத்தினால், கத்திக்குத் தப்பியவர் மாத்திரையில் மாட்டிக்கொள்வார்.