வெள்ளாப்பு வெளிச்சம்

வெருகலில் மாமியின் வளவில் மூன்று செவ்வரத்தை, ஒரு நந்தியாவட்டை, வேலியோரம் நிறையப் பட்டிப்பூ. இயற்கை வெளிச்சத்தில் இவற்றைப் படமெடுக்கவென்றே கொழும்பிலிருந்து இரவு பஸ் ஏறினேன்.

காலை ஆறு மணி வெயில் சாய்ந்து விழும். இதழின் நரம்பெல்லாம் தெரியும். ஆறேகாலுக்குக் கமராவும் கையுமாக இறங்கினால் செடியில் இலைதான் நிற்கிறது. பூவெல்லாம் மாமியின் பனையோலைப் பெட்டிக்குள், சித்திர வேலாயுத சுவாமி கோயிலுக்குப் புறப்படத் தயாராக.

“வெள்ளாப்பிலயே ஆயணும் மனே. வண்டு தொட்டாப் பிறகு அது என்ன பூ?”

செவ்வரத்தைக்கு ஆயுள் ஒரு பகல். காலையில் விரிந்தது பொழுதுபடச் சுருண்டுவிடும். விட்டதை நாளைக்குப் பிடிக்கலாம் என்ற பேச்சே அதனிடம் இல்லை. மறுநாள் மாமி இரங்கி ஒரு பூவை விட்டுவைத்தார். முருகனுக்கு ஒன்று குறைந்ததை மூன்று தரம் சொல்லிக் காட்டினார்.

அன்றைக்கென்று நான் எழும்பியது எட்டரைக்கு. அதற்குள் கச்சான் காற்று கிளம்பிவிட்டது. பூ ‘மாட்டேன், மாட்டேன்’ என்று தலையாட்டுகிறது. காற்று ஓயட்டும் என்று குந்தியிருந்ததில் உச்சிப்பொழுது ஆயிற்று. வெருகல் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகை சொச்சத்தில். ஆவணி நடுவில் சூரியன் நேரே உச்சந்தலையில் நிற்கும். என் நிழலே என் காலுக்கடியில் ஒளிந்துகொண்டது. பூவுக்கு உகந்தது மூடலான வானம். அது மார்கழியில் தாராளமாகக் கிடைக்கும். கூடவே மகாவலியின் கிளையான வெருகல் ஆறும் வளவுக்குள் வந்துவிடும்.

வெயிலை மட்டுப்படுத்த மாமாவின் வெள்ளை வேட்டியை விரித்தோம். ஒரு முனையில் மாமா, மறுமுனையில் மாமி. நடுவில் நான் முழங்காலில். தெருவால் போனவர் சைக்கிளை விட்டிறங்கி, குரலைத் தாழ்த்தி, “ஆருக்கு என்ன?” என்றார். பூவுக்கு என்று சொல்ல மாமாவுக்கு வாய் வரவில்லை.

சிவப்பு வேறு கமராவுக்கு ஆகாது. அது தானாக அளக்கும் வெளிச்சத்தில் செவ்வரத்தை மடிப்புமில்லாமல் நரம்புமில்லாமல் குங்குமம் அப்பினாற்போல் விழும். வெளிச்சத்தை ஒரு படி குறைத்தால்தான் இதழ் இதழாகத் தெரியும். குறைத்தேன். காற்றும் ஒரு கணம் நின்றது. அமுக்கினேன்.

அருமையான படம். மகரந்தத் துணுக்கு ஒவ்வொன்றும் தனித்தனியே மஞ்சளாய் நின்றது. பின்னாலிருந்த வேலி, கிணறு, மாமா எல்லாம் பால்புகையாய்க் கரைந்திருந்தன. அதற்காகவே லென்ஸுக்குக் கொட்டிய காசு இரண்டு மாதச் சம்பளம்.

மாமி கமராவை வாங்கி, கண்ணருகே பிடித்து, தூரப் பிடித்து, நெடுநேரம் பார்த்தார். மாமாவைத் தேடியிருக்க வேண்டும்.

“பின்னுக்கு ஒண்டும் தெரியல்லயே மனே. பூப் படம் எடுக்கப் போய், கமராட கண்ணில பூ விழுந்திட்டுப் போல.”