மூலை மேஜை முசியே

பிரான்சின் லியோன் நகரத்தில் புஷோன் என்று சொல்லப்படும் சின்னஞ்சிறு சாப்பாட்டுக் கடைகள் உண்டு. எந்தப் புஷோனுக்குள் நுழைந்தாலும் இரண்டு முதலாளிகளைப் பார்க்கலாம். ஒருவர் கல்லாவுக்கும் சமையலறைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பார். வரி கட்டுவது அவர். இன்னொருவர் மூலை மேஜையில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார், கடை இவருடையது.

இந்த மூலை மேஜை முசியேவுக்கு, அதாவது ஐயாவுக்கு, வயது அறுபதுக்கு மேல், எண்பதுக்குள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். குறை சொல்வதிலிருந்து இன்னும் பெறவில்லை. மணி பன்னிரண்டு அடிக்கும்போது உள்ளே நுழைவார். பன்னிரண்டே கால் ஆகியும் ஆளைக் காணோமென்றால், கடைக்கார மதாம் வாசலுக்கு வந்து தெருவை எட்டிப் பார்ப்பார். சிவப்புக் கட்டம் போட்ட மேஜை விரிப்பு, சுவரில் கினியோல் பொம்மை, பக்கத்து மேஜைக்காரரின் முழங்கை தன் விலாவில் இடிக்கும் நெருக்கம் என எல்லாம் நேற்று இருந்தபடியே இருக்கின்றனவா என்று ஒரு நோட்டம் விட்டபிறகே கோட்டைக் கழற்றுவார்.

மெனு அட்டையைத் தொடமாட்டார். அதெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு. அவர் உட்காருவதற்குள் அடி தடித்த கண்ணாடிக் குப்பியில் போஜொலே ஒயின் வந்துவிடும். அளவு 46 சென்டிலிட்டர். அரை லிட்டருக்கு ஏன் 4 குறைகிறது என்று யாரும் வாய்தவறிக் கேட்டுவிடக் கூடாது. பட்டு நெசவாளர்களுக்கு அரை லிட்டர் ஒயின் தரவேண்டிய முதலாளிகள், குப்பியின் அடியைத் தடிமனாக்கி மிச்சத்தை அமுக்கிவிட்டதாக ஊரில் ஒரு கதை உண்டு. அந்தப் பாக்கி தனக்கே இன்னும் வரவேண்டியிருக்கிறது என்ற ஆத்திரத்தோடு அதைச் சொல்லி முடிப்பார். குருவா-ரூஸ் குன்றில் தறி ஓட்டிய அந்த நெசவாளர்கள் விடியற்காலையிலேயே பன்றித் தொத்திறைச்சியும் ஒயினுமாக வெளுத்துக்கட்டிய ‘மாஷோன்’தான், அவரைப் பொறுத்தவரை, மனிதகுலம் கண்ட கடைசி நல்ல சாப்பாடு. இவ்வளவு பேசுகிறவர் தறியைத் தொட்டதில்லை. முப்பத்தைந்து வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஃபைல் புரட்டியவர்.

அடுத்தது ‘தாய்மார்கள்’ புராணம். பணக்கார வீடுகளில் சமையல் வேலை பார்த்துவிட்டுச் சொந்தக் கடை போட்ட பெண்களை லியோனில் அப்படித்தான் சொல்வார்கள். அவர்களில் யூஜெனி பிராசியே 1933-இல் தன் இரண்டு உணவகங்களுக்கும் மும்மூன்றாக ஆறு மிஷெலின் நட்சத்திரங்கள் வாங்கியவர். உலகப் புகழ்பெற்ற சமையல் கலைஞர் போல் பொக்யூஸே இளவயதில் அவரிடம் எடுபிடியாக நின்று தொழில் கற்றவர்தான். “பிராசியே அம்மா மட்டும் இன்றைக்கு இருந்திருந்தால்...” என்று முசியே பெருமூச்சு விடுவார். நீங்கள் அவர் கையால் சாப்பிட்டதுண்டா என்று கேட்டால், பேச்சு வானிலைக்குத் திரும்பிவிடும்.

இதற்குள் கெனெல் வந்துவிடும். பைக் என்னும் ஆற்றுமீனின் சதையை முட்டை, வெண்ணெயோடு அரைத்து, உருட்டி வேகவைத்து, ஆற்றுச் சிங்கிறால் சாஸ் ஊற்றி அடுப்பில் வைத்தால், பொம்மென்று உப்பிக்கொண்டு கொதிக்கக் கொதிக்க மேஜைக்கு வரும். முசியே உடனே சாப்பிட மாட்டார். கரண்டியின் பின்புறத்தால் ஒரு தட்டு தட்டுவார். அது நடுங்கவேண்டும், நடுங்கும். பிறகு முகர்ந்து பார்ப்பார். ஒரு வாய். கண்ணை மூடுவார். மதாம் ஏற்கெனவே துடைத்த டம்ளரை மறுபடி துடைத்துக்கொண்டிருப்பார்.

“நேற்று இன்னும் கொஞ்சம் உப்பியிருந்தது.”

“நேற்று நீங்கள் சாப்பிட்டது கோழி ஈரல், முசியே.”

“அதனால்தான் சொல்கிறேன். நேற்று நன்றாக இருந்தது!”

சொல்லிவிட்டு, ரொட்டித் துண்டால் சாஸை வழித்து வழித்து, கழுவாமலே அலமாரியில் அடுக்கிவிடலாம் என்கிற அளவுக்குப் பாத்திரத்தைப் பளபளப்பாக்கிவிடுவார்.

வெளியூர்க்காரர் யாராவது அகப்பட்டால் முசியேவுக்குக் கொண்டாட்டம். “சைவமாக ஏதாவது கிடைக்குமா?” என்று கேட்ட பெண்ணுக்கு லியோன் சாலட்டைச் சிபாரிசு செய்வார். இலை இருக்கும், இலையைவிடத் தாராளமாகப் பன்றித் துண்டுகள் இருக்கும், மேலே வழவழவென்று ஒரு முட்டையும் உட்கார்ந்திருக்கும். “இலைதானே கேட்டீர்கள்?” பன்றிக்குடலையே நறுக்கி, குடலுக்குள்ளேயே அடைத்த அந்தூயெட்டை வரவழைத்துவிட்டு மூக்கைச் சுளிப்பவருக்கோ ஒரு மேற்கோள் தயாராக இருக்கும். லியோன் மேயராகவும் நாட்டின் பிரதமராகவும் இருந்த எதுவார் எரியோ சொன்னாராம்: அரசியலும் அந்தூயெட்டும் ஒன்று, கொஞ்சம் நாறவேண்டும், ரொம்ப நாறக் கூடாது.

அசல் புஷோன்களுக்கு முத்திரை கொடுக்க இப்போது அமைப்பெல்லாம் வந்துவிட்டது. முசியே அதை மதிப்பதில்லை. தாம் உட்கார்ந்திருக்கிற கடை அசல்; எழுந்து போய்விட்டால் போலி. டாக்டர் வெண்ணெய், பன்றி, ஒயின் மூன்றையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார். டாக்டர் பேச்சுக்கு முசியே மிகுந்த மரியாதை கொடுப்பவர்தான். ஆனால் எதிர் மேஜையில் வறுத்த மாட்டுக்குடலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிற மனிதரை அந்த நேரத்தில் தொந்தரவு செய்வது நாகரிகமில்லையே!

பில் வரும். விலைவாசியைத் திட்டி, இனி இந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று அறிவித்துவிட்டு, நாளைக்கு என்ன சமையல் என்று விசாரித்துக்கொண்டு கிளம்புவார்.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. அன்று வீட்டில் மனைவி சமையல். முசியே தலையைக் குனிந்து சாப்பிட்டு, வாயைத் துடைத்து, “நன்றாக இருந்தது” என்று சொல்லி எழுந்திருப்பார். அந்த அம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“அந்த மதாமிடம் மட்டும் தினமும் ஒரு மணி நேரம் குறை சொல்லத் தெரிகிறதே! என் சமையலுக்கு ஒரு வார்த்தை உண்டா?”