மின்னுவதெல்லாம் மீனுக்குப் பிடிக்குமா?

கேள்வி: கரையில் நின்று தூண்டில் வீச லூர் (மீனை ஏமாற்றும் போலி இரை) வாங்கப் போனால், கடையில் நூறு நிறம் தொங்குகிறது. எதை எடுப்பது?

பதில்: பாதி நிறங்கள் வாங்க வருகிறவரைப் பிடிக்கத்தான்! பின்லாந்து மீனவர் லௌரி ராப்பாலா 1936-ல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய மினுமினுப்புத் தாளை ஒட்டித் தன் முதல் லூரைச் செய்தார். அடிபட்டுத் தள்ளாடும் குட்டி மீனைத்தான் பெரிய மீன் முதலில் கவ்வுகிறது என்று அவர் கண்டிருந்தார்.

ஆகவே முதலில் ஆட்டம்; அடுத்தது எடை. எதிர்காற்றில் இலேசான லூர் காலடியிலேயே விழும். 30, 40 கிராம் உலோக லூர் அலையைத் தாண்டிப் போகும். தெளிந்த நீருக்கு வெள்ளி நிறம், கலங்கலுக்கும் இருட்டுக்கும் அடர்நிறம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

கட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மெல்லிய பிரெய்டு (பின்னல்) நூல் மணலில் உரசி உரசி எளிதில் அறுந்துவிடும். அதன் நுனியில் ஒரு மீட்டர் தடித்த தங்கூசி (நைலான் இழை) வேண்டும். சீலா மீன் திரியும் இடமென்றால் ஒரு சாண் கம்பியும் சேரட்டும். சீலாவின் பல் தங்கூசியைக் கத்திரித்துவிடும். மிதக்கும் லூரை இறுக்கி முடிந்தால் அது மரக்கட்டை. சிறு வளையமாக முடிச்சிட்டால் துள்ளி நீந்தும். வயிற்றில் தொங்கும் மும்முள்ளைக் கழற்றி வாலில் ஒற்றை முள் மாட்டினால் பாசி அதிகம் சிக்காது, சிறு மீனை அதிகக் காயமின்றி விடவும் எளிது.

வீச வேண்டிய இடம், அலை உடையாமல் நீர் கருத்திருக்கும் பள்ளம். நேரம், விடியலும் அந்தியும்.

அறுந்த தங்கூசியை மட்டும் மணலில் போட்டுவிடாதீர்கள். முட்டையிடக் கரையேறும் ஆமையின் துடுப்பில் அது சுற்றிக்கொள்ளும்.