காசியிலிருந்து வந்தவனுக்கு ஊர்ச் செய்தி

காசிக்குப் போய் வந்தவர் காலில் விழுந்து கும்பிடுவது என் அப்பாயி காலத்துப் பழக்கம். இப்போது யாரும் விழுவதில்லை. சொம்பு மட்டும் கேட்கிறார்கள். வாயை அடைத்த அந்தக் குட்டிச் செப்புச் சொம்பு, ஒரு காசிக் கயிறு, ஒரு அன்னபூரணி படம். வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

நானோ சொல்வதற்கு ஏகப்பட்டதைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். 84 படித்துறை, தசாசுவமேத கட்டத்துக் கங்கை ஆரத்தி, பாரதியார் 1898 முதல் 1902 வரை அங்கே அத்தை வீட்டில் இருந்தது. இவற்றை எந்த வரிசையில் சொல்வது என்று ரயிலிலேயே ஒத்திகை பார்த்தாயிற்று. திண்ணையில் பையை வைத்து, "பாரதியார் இருந்தாரு பாருங்க..." என்று ஆரம்பித்தேன். அம்மா குறுக்கே வந்தாள்.

"குளிக்கத்தானே போற? அதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன். மேலத்தெருப் பெரியப்பா போய்ச் சேந்துட்டாரு."

தூரத்துப் பங்காளி, தொண்ணூறைத் தாண்டியவர். குளித்துவிட்டு வந்தபின் சொன்னால் மறுபடி தலைமுழுக வேண்டும், தண்ணீர் தண்டம் என்று அம்மாவுக்குக் கணக்கு. எங்கள் வீட்டில் எந்தச் செய்திக்கும் இப்படி ஒரு நேரம் உண்டு. சாவு குளியலுக்கு முன். ஆடு மாடு, காபிக்கு. ஊர்ச் சண்டை, சாப்பாட்டுக்கு. பணம் செலவாகிற செய்தி மட்டும் சோறு முழுக்க உள்ளே இறங்கிய பிறகுதான்.

காபிக்கு லட்சுமி வந்தாள். கன்று போட்டுவிட்டாளாம். "என்ன கன்னு?" என்றேன். அம்மா குரல் கொஞ்சம் இறங்கியது. "காளங்கன்னுதான்." டிராக்டர் வந்த ஊரில் காளைக்கன்று பிறந்தால் யாரும் சர்க்கரை கொடுப்பதில்லை. சீம்பால் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "உனக்குன்னு எடுத்து வச்சேன்டா. கெட்டுப்போயிடுமேன்னு நாங்களே சாப்பிட்டோம்" என்றாள். அதை அவள் சொன்ன விதத்தில் ஒரு தியாகம் இருந்தது.

அடுத்து பம்புசெட் மோட்டார். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பல்லி புகுந்து செத்துப்போய், மோட்டார் ஓடவில்லை. சித்தப்பா அதற்கு மெக்கானிக்கையும் அழைத்தார், ஜோசியரையும் பார்த்தார். பல்லி விழுந்த பலனில் ஸ்டார்ட்டருக்கு இடம் கிடையாது என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். மெக்கானிக் மட்டும்தான் காசு வாங்கினார் என்பதில் சித்தப்பாவுக்கு ஒரு திருப்தி.

சாப்பாட்டில் பாகற்காய் வறுவல். கயையில் பிடித்த ஒரு காய், ஒரு பழத்தை விட்டுவிட்டு வருவது வழக்கமல்லவா? என் மனைவி அங்கே பாகற்காயை விட்டாள். அவள் ஆயுளில் அதைத் தொட்டதில்லை. எனக்கோ அது உயிர். இனி தன் கையால் சமைக்க முடியாதென்று ஆலமரத்தடியிலேயே அறிவித்துவிட்டாள். சாஸ்திரத்தை அவ்வளவு லாவகமாகக் கையாள என்னால் ஆகாது. ஆனால் நாங்கள் ஊரில் இல்லாதபோது கொல்லைப் பந்தல் பாகற்காயாகக் காய்த்துத் தள்ளிவிட்டது. "விட்டுட்டியாமே, பாவம். அப்ப உன் பங்கையும் இவன் தின்னட்டும்" என்று அம்மா என் இலையில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

கை கழுவி வந்ததும் அம்மா வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். தங்கச்சி மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிடித்துவிட்டதாம். "தாய்மாமன் காசிக்குப் போயிருக்கான், வந்தாத்தான் பேச்சுன்னு சொல்லிட்டோம். ஆவணியில வச்சுக்கலாம்ங்கிறாங்க" என்றாள். கிடைத்த மரியாதைக்குச் சந்தோஷப்படுவதா, சீர் வரிசையை நினைத்துக் கலங்குவதா? மனைவியைப் பார்த்தேன். மிச்சமிருந்த சொம்புகளை அவள் மும்முரமாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

வாசலில் சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு தண்ணீரில் நின்றது. மேட்டூரில் ஜூன் 12-ந் தேதி திறந்தால் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள். மன்னார்குடிக்குத் தெற்கே கடைமடையான எங்களுக்கு எப்போது வரும் என்பதைப் பாமணியாற்றைத்தான் கேட்க வேண்டும். நாற்றங்காலில் கையை வைப்பதா வேண்டாமா என்று அவர்கள் வாதாடிக்கொண்டிருக்க, பாரதியாரை நுழைக்க எனக்கு இடுக்கே கிடைக்கவில்லை.

உள்ளேயிருந்து அப்பாயி கூப்பிட்டது. கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, சொம்பைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கங்கையில தண்ணி நெறயா போவுதாடா?"

கடைசியில் ஒருத்தராவது கேட்டார்களே என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "கோடையிலயும் படகு போவுது அப்பாயி."

"எந்தத் தேதி தெறப்பாங்க?"

"தெறக்கல்லாம் மாட்டாங்க. பனி மலையிலேர்ந்து அதுவா வருது."

அப்பாயி என்னைச் சந்தேகத்தோடு பார்த்தது. "அதுவா வருதா? அப்ப அந்த ஊரு விவசாய சங்கத்துக்காரங்கள்லாம் என்னதான்டா பண்ணுவாங்க?"