வெள்ளைக் கெளுத்தி எங்கிருந்து வந்தது?

கே: கடையில் வாங்கிய வெள்ளை கோரிடோராஸ் கெளுத்திக்குக் கண் ரத்தமாய்ச் சிவந்திருக்கிறதே, நோயா? (பரமக்குடி வாசகர்)

நோயில்லை, பிறவி. கருமை தரும் மெலனின் அதன் உடம்பில் உண்டாகவில்லை. அதனால் கண்ணுக்குள் ஓடும் ரத்தம் அப்படியே வெளியே தெரிகிறது. இதுதான் அல்பினோ. உடம்பு வெளுத்து, கண் மட்டும் கறுப்பாகவே இருந்தால் அது வேறு கணக்கு. கருமை குறைந்து மஞ்சள் மிஞ்சினால் தங்க நிறம். அல்பினோவுக்கு வெளிச்சம் கூசும். விளக்கைக் குறைத்து, ஒதுங்க ஒரு மூலை கொடுங்கள்.

கே: அல்பினோ ஆணையும் சாதாரணப் பெண்ணையும் சேர்த்தேன். ஒரு குஞ்சுகூட வெள்ளையில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (கீழக்கரை வாசகி)

பாவம், அவரை விட்டுவிடுங்கள். வெள்ளை ஒடுங்கிய பண்பு. தாய், தகப்பன் இரண்டு பக்கமும் வந்தால்தான் வெளியே தெரியும். உங்கள் கறுப்புக் குஞ்சுகள் ஒவ்வொன்றும் அதை ஒளித்து வைத்திருக்கிறது. அவற்றைத் தங்களுக்குள் இணைத்தால் ஏறக்குறைய நாலில் ஒன்று வெள்ளையாகப் பிறக்கும். பண்ணைக்காரர்கள் நிறத்தை நிலைநிறுத்தியது இந்த வழியில்தான். அதோடு நிறுத்துங்கள். கூடப்பிறந்ததையே தலைமுறை தலைமுறையாய்ச் சேர்த்தால் வளைந்த முதுகும் நோஞ்சான் குஞ்சும்தான் மிஞ்சும். வேறு இடத்து மீன் ஒன்றை வாங்கிப் புது ரத்தம் சேருங்கள்.

கே: நம் கண்மாய்களில் வெள்ளைக் கெளுத்தி ஏன் கண்ணில் படுவதில்லை? (தொண்டி வாசகர்)

அபூர்வமாய்ப் பிறக்கும், பிழைக்காது. கலங்கல் தண்ணீரில் கறுப்பு முதுகு மறைந்துவிடும். வெள்ளை முதுகு கொக்குக்கு வெளிச்சம் போட்டுக் காட்டும். இதற்குக் கண்கண்ட சாட்சி அமெரிக்காவின் ஃப்ளோரிடா. 1960-களில் தாய்லாந்திலிருந்து அலங்கார மீனாக அங்கே போனது கிளாரியஸ் பட்ராகஸ், தரையிலும் ஊர்ந்து போகிற கெளுத்தி. அழகுக்காகக் கொண்டுபோனதால் முதலில் தப்பியவற்றில் வெள்ளையே அதிகம். பறவைகளும் பெரிய மீன்களும் அவற்றைப் பொறுக்கித் தின்றன. இன்று அங்கே நீர்நிலைகளில் இருப்பவை பெரும்பாலும் கறுப்பு, வெள்ளை அரிதாகிவிட்டது. தொட்டியில் மனிதன் காப்பாற்றுகிற நிறம் வெளியில் சில தலைமுறைகூடத் தாங்கவில்லை.

கே: அப்படியானால் இயற்கையில் நிறமில்லாத கெளுத்தியே கிடையாதா? (மண்டபம் மாணவி)

உண்டு, பக்கத்துக் கேரளத்திலேயே. கோட்டயத்துக் கிணற்றில் கிடைத்து 1950-இல் விவரிக்கப்பட்ட ஹோராக்ளானிஸ் கிருஷ்ணை. நிலத்தடி நீரில் வாழும் சிறு கெளுத்தி. கண்ணில்லை, நிறமில்லை, ரத்தம் தெரிந்து உடம்பே சிவப்பாக இருக்கும். இருட்டில் பார்க்க ஆளில்லை, துரத்தவும் ஆளில்லை; நிறம் போனதால் நஷ்டமில்லை. அந்த இனமே அப்படித்தான்.

கே: நீலக் கெளுத்தி, ரோஸ் கெளுத்தி எந்த நாட்டுச் சரக்கு? (ராமநாதபுரம் வாசகர்)

ஊசிச் சரக்கு. வெளுத்த மீனைப் பிடித்து உடம்பில் சாயத்தைக் குத்துகிறார்கள், அல்லது சாயத்தில் முக்கியெடுக்கிறார்கள். வெள்ளை கோரிடோராஸும் நம் நாட்டுக் கண்ணாடி மீனும் இதில் அதிகம் மாட்டியவை. சில மாதங்களில் சாயம் வெளுத்துவிடும். குத்திய புண்ணில் நோய் தொற்றினால் அதற்குள் மீனே போய்விடும். இதைக் கொடுமை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. குஞ்சுக்கு வராத நிறத்தைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

நீல விளக்கில் ஒளிரும் மீன் வேறு. ஜெல்லி மீன், பவளம் போன்றவற்றின் மரபணுவை ஏற்றியது. அமெரிக்கக் கடைகளுக்கு 2003 கடைசியில் வந்தது. குஞ்சுக்கும் அந்த நிறம் போகும். ஆனால் இந்தியாவில் மரபணு மாற்றிய உயிரை அரசு அனுமதியின்றி விற்கக் கூடாது.

கே: கரைவலையில் கறுப்பு வெள்ளை வரி போட்ட கெளுத்திக் குஞ்சுகள் வருகின்றன. புது நிறமா? தொட்டியில் விடலாமா? (பாம்பன் மீனவர்)

புதிதில்லை. அது ப்ளோட்டோசஸ் லீனியேட்டஸ். மன்னார் வளைகுடாவின் பழைய குடி. குஞ்சுகள் பந்தாய்த் திரளும். வளர வளர வரி மங்கும். முதுகிலும் இரு பக்கத்திலும் உள்ள முள் விஷம். குத்தினால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை அமிழ்த்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சூயஸ் கால்வாய் வழியே மத்தியதரைக் கடலில் நுழைந்து பெருகியதால், 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதை ஆபத்தான அந்நிய இனங்களின் பட்டியலில் வைத்தது. குழந்தைகள் கையை விடும் தொட்டிக்கு ஆகாது. கடலிலேயே இருக்கட்டும்.

கே: வெள்ளை ஷார்க் தொட்டியைத் தாண்டி வளர்ந்துவிட்டது. பெரிய கண்மாயில் விட்டுவிடவா? (உச்சிப்புளி வாசகர்)

கூடவே கூடாது. அது சுறா இல்லை. மீகாங் ஆற்றுக் கெளுத்தியின் அல்பினோ. ஒரு மீட்டருக்கு மேல், 40 கிலோவுக்கு மேல் வளரக்கூடியது. வெள்ளையாயிருப்பதால் கொக்கு பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். பெரிய மீனைக் கொக்கு தொடாது, அது கொண்டுபோகும் நோய்க்கும் நிறம் கிடையாது. தொட்டி துடைக்க வாங்கிய சக்கர் கெளுத்தியை இப்படி விட்டுவிட்டுத்தான் தமிழ்நாட்டு ஏரிகளில் வலை கிழிந்து அவதிப்படுகிறோம். ஆப்பிரிக்கக் கெளுத்தி வெள்ளையானாலும் கறுப்பானாலும் நம் நாட்டில் வளர்க்கத் தடை. உங்கள் மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கேளுங்கள். கண்மாய்க்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.